வெட்டாமல் விட்ட குழி

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். மன்னித்துக்கொள். அடுப்படி மேடையில் தாளை வைத்து, நின்றபடிதான் இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம், கார் ஷெட்டில், நீ எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. நாலு எட்டு வைத்தால் உன் முன்னால் வந்து நின்றுவிடலாம். வந்தும் பார்த்தேன். நேற்றும் முந்தாநாளும் காப்பித் தம்ளரோடு ஷெட் வாசல் வரை வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதுவது இந்த வயதில் பெருமைப்படும் விஷயம் இல்லை. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை. உன் அப்பா எடுத்துப் படித்தாலும் சரி, உன் அத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி. மறைத்து வைத்த வரைக்கும் போதும்.

வருகிற புதன்கிழமை யாரையும் கூப்பிடாமல் நீயே கடையைத் திறந்து, பம்ப்பை ஓட்டி, முதல் வண்டியைக் கழுவப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். 'யாரும் வர வேணாம், யாரும் சுவிட்ச் போட வேணாம்' என்றாயாம். அது எனக்குச் சொன்னது என்று தெரியும். போன வெள்ளிக்கிழமை உன் வாழ்க்கையின் நல்ல நாளாக இருந்திருக்க வேண்டியதை நான் என்ன செய்தேன் என்றும் தெரியும். அதற்காக என் மேல் கோபப்படு, பேசாமல் இரு, தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் போ. ஆனால் அந்த ஷெட்டில் நீயும் பாண்டியும் புதிதாக மாட்டிய ப்ளக் பாயிண்டுகளில் அந்தப் பம்ப்பைச் சொருகாதே. வெறுங்காலோடு ஈரத்தில் நின்று அதன் இரும்பைத் தொடாதே. காரணத்தை இதில் எழுதுகிறேன். முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஏன் வாய் திறப்பதில்லை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் வீட்டில், நான் கல்லூரியில் சேரும்வரை கரண்ட் கிடையாது. ஐயா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். எங்கள் தெருவிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், அதுவும் பௌதிகம். எடுத்துக் கொடுத்தது பள்ளிக்கூட டீச்சர். எதற்கென்று எனக்கே தெரியாது. முதல் மாதம் ஆய்வகத்தில் மேடம் ஒரு மேசை விளக்கைக் கொடுத்து, "அந்த ப்ளக்கை மாட்டும்மா" என்றார். மூன்று முள் உள்ள ப்ளக்கை நான் அதற்குமுன் கையில் பிடித்ததே இல்லை. தலைகீழாகப் பிடித்து, பெரிய முள்ளைக் கீழே வைத்து அழுத்தினேன். போகவில்லை. மறுபடி அழுத்தினேன். பின்னால் ஒருத்தி சொன்னாள்: "அவ ஊர்ல ப்ளக்கு வெத்தலைக் கொடியில காய்க்குமாம்டி." வகுப்பு முழுவதும் சிரித்தது. மேடமும் சிரித்தார், கெட்ட எண்ணத்தோடு இல்லை. அன்றிலிருந்து நான் ஒன்று பழகிக்கொண்டேன். தெரிந்தாலும் ஒதுங்கி நிற்பது. யாராவது செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. எல்லோரும் போன பிறகு தனியாகச் செய்து சரிபார்த்துக்கொள்வது. மூன்று வருடமும் செய்முறைத் தேர்வில் நான்தான் முதல். அது யாருக்கும் தெரியாது, பரீட்சை வைத்தவர்களைத் தவிர.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது என் படிப்பு ஒரு வேடிக்கைப் பொருளாகிவிட்டது. உன் அப்பா நல்லவர்; கேலி செய்வது அவருக்குப் பாசம். அம்பாசிடர் டாக்சியை ஷெட்டில் விட்டுவிட்டு உள்ளே வரும்போதே, "ஏ பி.எஸ்ஸி, காப்பி கொண்டா" என்பார். உன் அத்தை வந்தால், "பி.எஸ்ஸி. வச்ச கொழம்புல உப்பு இல்லையே, அதுக்கு ஒரு பரீட்சை வைக்கலையாக்கும்?" என்பார். நானும் சிரிப்பேன். நீ பேசக் கற்றுக்கொண்டதும் தெருவில் இருந்து "பி.எஸ்ஸி அம்மா!" என்று கூவிக்கொண்டே வருவாய். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்த பிறகு, பகலெல்லாம் வயரும் மீட்டரும் என் கையில் இருக்கும். வீட்டில் ஃபியூஸ் போனால் உன் அப்பா ஆள் தேடிப் போவார். நான் டார்ச் பிடிப்பேன்.

நீ ஒருவன்தான் என்னிடம் கேட்பாய். ரெண்டாம் வகுப்பில் இருந்தபோது இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய். "இந்த ஒன்னு மட்டும் ஏம்மா பெருசா இருக்கு?"

"அது மண்ணுக்குப் போற வழி. பெட்டிக்குள்ள எங்கயாச்சும் கரண்டு தப்பிச்சு இரும்புக்கு வந்துருச்சுன்னா, நம்ம ஒடம்பு வழியா போகாம, அந்த வழியா மண்ணுக்குள்ள போயிரும்."

"தப்பிக்கலைன்னா?"

"ஒன்னும் செய்யாது. சும்மாதான் இருக்கும்."

"சும்மா இருக்கறதுக்கா இம்புட்டுப் பெருசு?"

அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்கப்புறம் சிரித்ததாக நினைவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் படிப்பை உண்மையாகப் பயன்படுத்தியவன் இந்த வீட்டில் நீ ஒருத்தன்தான். உன்னிடம் வாய் திறக்க எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன். எப்போது வந்தது? நீ என்னைவிட உயரமாக வளர்ந்தபோதா, வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டு வந்தபோதா, தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் நீயும் மற்ற ஆண்களைப் போலக் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா காரை விற்ற பிறகு ஷெட் காலியாகக் கிடந்தது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கே பைக் வாட்டர் சர்வீஸ் போடப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம். பரவை மார்க்கெட்டுக்கு வரும் வண்டிகள் எல்லாம் நம் ரோட்டு வழியாகத்தான் போகின்றன. இந்தப் பக்கம் வேறு சர்வீஸ் கடையும் இல்லை. திருப்பரங்குன்றத்தில் உனக்குப் பெண் பேசி முடித்ததும் அதே மாதம்தான். எல்லாம் கூடி வந்தது. உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் பாண்டி வயரிங் செய்கிறேன் என்று வந்தான். அவன் உழைப்பாளி, குறை சொல்ல மாட்டேன். குழாய் ஓட்டியது, பெட்டி பதித்தது எல்லாம் நேர்த்தி. தண்ணீர் தெறிக்காத உயரத்தில்தான் ப்ளக்குகளை வைத்தான். பம்ப்புக்குத் தனியாகக் கனமான வயர் இழுத்தான். நான் துணி காயப்போடும் சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடப்பாறையோடு வந்து ஷெட்டின் பக்கவாட்டில், முருங்கைக்கு அருகே, காலால் ஒரு வட்டம் போட்டான். உன் அத்தை திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"யார்றா அது, கடப்பாறையத் தூக்கிக்கிட்டு?"

"எர்த்துக்குழி போடணும்த்தே. ஆளு ஒசரத்துக்குத் தோண்டிக் குழாய எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும்."

"ஆளு ஒசரத்துக்கா?" உன் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பொண்ணு பேசி முடிச்ச வீட்டுல ஆளு ஒசரத்துக்குக் குழி வெட்டி, உப்பப் போட்டு மூடுவியா? எதுக்குடா உப்பப் போட்டு மூடுவாக? ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

பாண்டி முகம் செத்துவிட்டது. "ஐயையோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலத்தே."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் குழி குழிதேன். கல்யாணம் முடியட்டும். அதுக்கப்பறம் கெணறே வெட்டிக்க."

"சரிங்கத்தே, குழியே வேணாம். எர்த்த நியூட்ரல்லயே குடுத்து முடிச்சுர்றேன். ஊருக்குள்ள பாதி வீடு அப்படித்தேன் ஓடுது. என்ன மாப்ள?"

நான் காப்பித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றாய். ஒரே ஒரு வார்த்தை. இஸ்திரிப் பெட்டியோடு வந்தவன் கேட்ட அதே குரல். அதற்குள் உன் அப்பா நாற்காலியில் இருந்தபடி, "பி.எஸ்ஸி. என்ன சொல்லுது? கேப்போம், கேப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலைக் கொடியில் ப்ளக் காய்க்குமாம் என்று சொன்ன அந்தக் குரல் மறுபடியும் காதில் கேட்டது. "பெரியவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டினேன். நீ ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டாய். பாண்டி கடப்பாறையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

தம்பி, வெள்ளிக்கிழமை நான் செய்ததைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஒரு வாக்கியத்துக்குத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. நீ கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு நிம்மதி இல்லை. கடை திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் நீங்கள் எல்லோரும் மாலையும் வாழைக்கன்றும் வாங்கப் போயிருந்தபோது ஷெட்டுக்குள் போனேன். ஒருவேளை பாண்டி வேறு எதாவது ஏற்பாடு செய்திருப்பானோ என்று ஒரு நப்பாசை. ஷெட்டில் தொங்கும் குண்டு பல்பைப் போட்டுவிட்டேன். வீட்டுச் சுவரில் உள்ள மெயினை அணைத்து, போர்டில் கறுப்பு வயருக்கு, அதாவது நியூட்ரலுக்கு, உள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டையை மட்டும் உருவிவிட்டு, மறுபடி மெயினைப் போட்டேன். பல்பு எரியவில்லை; எரியாது, திரும்பிப் போகும் வழியைத்தான் எடுத்துவிட்டேனே. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த பலகை மேல் நின்று, டெஸ்டரைப் புது ப்ளக் பாயிண்டின் மேல் துளையில் வைத்தேன். பெரிய முள் போகிற துளை. அந்தத் துளையில் டெஸ்டர் எந்தக் காலத்திலும் எரியக் கூடாது. எரிந்தது. நன்றாக, செக்கச் சிவப்பாக எரிந்தது. அடுத்த ப்ளக்கில் வைத்தேன். அதிலும் எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை வயர் மண்ணுக்குப் போகவில்லை. கறுப்போடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, அழகாக மடக்கி வைத்திருந்தது.

இதில் என்ன ஆபத்து என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் போன ஆடியை நினைவுபடுத்துகிறேன். காற்றடித்து, கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் கறுப்பு வயர் விட்டுப்போனது. ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை, ஆனால் டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரிந்தது. அப்பா, "கரண்டு வந்தும் வரலைங்குதே" என்று சிரித்தார். லைன்மேன் வந்து கட்டிவிட்டுப் போனார். இதே வயரிங்கில் அதே மாதிரி ஒரு நாள் காற்றடித்தால், போட்டபடி இருக்கும் ஒரு பல்பு வழியாகக் கரண்ட் கறுப்புக்கு வரும்; கறுப்பிலிருந்து பச்சைக்கு; பச்சையிலிருந்து உன் பம்ப்பின் இரும்பு உடம்புக்கு. பம்ப் ஓடாது. 'ஏன் ஓடலை' என்று நீ குனிந்து அதைத் தொடுவாய். தரை முழுக்க ஈரம். ஃபியூஸ் போகாது. மண்ணுக்குப் போக அதற்குக் கிடைக்கும் ஒரே வழி நீதான்.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாசகங்களைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நீ பெயர்ப் பலகையோடு வந்தாய். அதை இறக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாய். அரக்கு நிறம், பச்சைக் கரை. "நாளைக்கு இதக் கட்டிக்கிட்டு நீதாம்மா சுவிட்ச் போடணும். அத்தைட்டயும் சொல்லிட்டேன். படிச்சவ கையால ஆரம்பிக்கட்டும்" என்றாய். நீ அதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் கேலியில்லாமல் சொல்லி நான் கேட்டதே இல்லை. சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அடுக்கி வைத்த வாசகம் ஒன்றும் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் வீடு நிறைய ஆட்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன். பூஜை என்பதால் எல்லோரும் செருப்பை ரோட்டோரம் கழற்றிவிட்டிருந்தார்கள். உன் அத்தை மஞ்சள் தண்ணீரை ஷெட் முழுக்கத் தெளித்துவிட்டார். பெண்ணின் அப்பா, முதலில் கழுவ வேண்டிய தன் பைக்கை நிறுத்திவிட்டு, பம்ப் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெறுங்கால், ஈரத்தரை, கை இரும்பில். மைக் செட்டில் பாட்டு ஓடியது. கற்பூரம் ஏற்றினார்கள். நீ, "போடும்மா" என்றாய். சுவிட்சில் விரல் வைத்தேன். அந்த நிமிடம் எதுவும் ஆகாமலும் இருந்திருக்கலாம், பெரும்பாலும் ஆகியிருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் விரல் அழுந்தவில்லை. "தீப்பெட்டி எடுத்துட்டு வாரேன்" என்று ஏதோ உளறிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனேன். மெயினை அணைத்தேன். அணைத்ததோடு விட்டால் யாராவது போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் உருவி, நீ வாங்கித் தந்த சேலையின் மடியில் செருகிக்கொண்டேன்.

பாட்டு நின்றது. "கரண்டு போயிருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் திரும்பி வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மின்வாரியத்தைத் திட்டினார்கள், நானும் தலையாட்டினேன். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல நேரம் முடியப் போகுதே மாப்ள" என்றார். உன் அத்தை, "கண்ணு பட்டுப்போச்சு, அம்புட்டுத்தேன்" என்றார். அப்போதுதான் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாண்டி போர்டைப் பார்க்க ஓடினான். "மாப்ள, கட்டை ரெண்டையும் எவனோ உருவிட்டான்டா!" என்று அவன்தான் கத்தினான். நீ அவன் சட்டையைப் பிடித்தாய். "நீதானடா காலையிலருந்து போர்டுகிட்டயே நின்ன? வெளாடுறியா?"

"எங்க ஆத்தா சத்தியமா இல்ல மாப்ள. நான் எதுக்குடா எடுக்கப்போறேன்?"

"வேற யாரு எடுப்பா? சொல்றா!"

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் மடியை அவிழ்த்தேன். ஒரு கட்டை நழுவித் தரையில் விழுந்து ஓரம் சில்லாகப் பெயர்ந்தது. மாமியார் வீட்டுக்காரர்கள் ஆகப் போகிறவர்கள் முன்னால், உன் அம்மாவின் சேலை மடியிலிருந்து திருட்டுச் சாமான் மாதிரி அது வெளியே வந்தது. விளக்கமாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இரண்டே வார்த்தை: "குழி வெட்டலை."

"நல்ல நேரத்துல வாயத் தொறந்து என்ன சொல்றா பாரு" என்றார் உன் அத்தை.

பெண்ணின் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு, கழுவாத பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். இலை போட்டிருந்தது, யாரும் உட்காரவில்லை. நீ ஷெட்டில் தனியாக நின்றாய். உன் அப்பாகூட அன்று கேலி பேசவில்லை. எல்லோரும் போன பிறகு நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா. எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டு எங்களோடயே நின்னியே."

சனிக்கிழமை நீ ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, ஒரு வயரைக் கரண்ட் வரும் துளையிலும் இன்னொன்றை மேல் துளையிலும் வைத்து எரியவிட்டுக் காட்டினாய். "பாருங்கப்பா, பளிச்சுன்னு எரியுது. எர்த்து நல்லாத்தேன் இருக்கு. எதுக்கு இந்தக் கூத்து?" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாய். எனக்குக் கேட்கத்தான் சொன்னாய். அந்தப் பல்பு உன்னை ஏமாற்றுகிறது, தம்பி. மேல் துளையும் கறுப்புத் துளையும் உள்ளே ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும்போது, பல்பு கறுப்பு வழியாக எரிகிறது. மண்ணுக்கு வழி இருக்கிறதா என்பதை அது சொல்லவே இல்லை. மெயினை அணைத்து, கறுப்பு வயரின் கட்டையை உருவி, வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, மறுபடி மெயினைப் போட்டு அதே பல்பை வைத்துப் பார். உண்மையான எர்த் இருந்தால் அப்போதும் எரியும். உன் பல்பு எரியாது. அதைத் தனியாகச் செய்யாதே, செருப்பில்லாமல் செய்யாதே, தரை காயாமல் செய்யாதே. எதையும் கழற்றும் முன்னால், டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு கழற்றப் போகும் இடத்தில் வை, மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வது இது. சொந்தப் பிள்ளைக்குக் காகிதத்தில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பரவைக்குப் போய்ப் பாண்டியைப் பார்த்தேன். அவன் அம்மா தன் வெங்காயக் கடையில் மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு ஸ்டூல் போட்டார். என்னால் அவன் அடி வாங்கப் போனான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கத்தே. எனக்குச் சொல்லிக் குடுத்த ஆளு இப்படித்தேன் சொல்லிக் குடுத்தாரு. தப்புன்னு யாரும் சொன்னதில்ல" என்றான். ஒரு மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க அன்னிக்கே சொல்லிருந்தா நான் கடப்பாறைய சாய்ச்சு வச்சிருக்க மாட்டேன்த்தே" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னான். அதனால்தான் அதிகமாகக் குத்தியது. அங்கிருந்து பஸ் ஏறித் திருப்பரங்குன்றமும் போனேன். பெண்ணின் அப்பாவின் பாத்திரக் கடைக்கு எதிரில் நின்றேன். அவர் ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடக்க முடியவில்லை. ஒரு பஸ் வந்து மறைத்தது, அது போனது, இன்னொன்று வந்தது. திரும்பி வந்துவிட்டேன். பார்த்துப் பேசினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். உன் கல்யாணம் என்னால் நின்றுபோகுமோ என்ற பயத்தில் இருக்கிறேன். அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் புதன்கிழமை.

வரும் வழியில் ஒரு மூட்டை அடுப்புக் கரியும், கல் உப்பும் வாங்கி வந்தேன். முருங்கைக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன் அத்தை நேற்று அதைப் பார்த்துவிட்டார். "எதுக்குடி இது?" என்றார். "சும்மா" என்று சொல்லிவிட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் 'சும்மா' என்றுதான் வாயில் வருகிறது.

இனி உன்னிடம் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். இவ்வளவு நேரம் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் எழுதினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. அது உன் இஷ்டம். நீ கேட்காமலே நான் பேச வேண்டியவள்தான். பெற்றவள், அதோடு படித்தவள். ஆனால் அது எனக்கு இன்னும் வரவில்லை. வயதாகிவிட்டது, இனி தானாக வருமா என்றும் தெரியவில்லை. நீ கேட்டால் வரும். எனவே செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உன் அப்பா நாற்காலியில் இருக்கும்போது, உன் அத்தை பக்கத்தில் இருக்கும்போது, பாண்டியைக் கூப்பிட்டு அந்தக் கடப்பாறையை எடுக்கச் சொல். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நீ என் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கேட்ட மாதிரியே இன்னொரு தடவை கேள்: "என்னம்மா?"

அன்புடன்,
அம்மா